கதிரைக்குள் மத்தளம்: படத்தின் அதிர்வை வீட்டில் உணரத் தொடங்குகிறவர்களுக்கு

மட்டக்களப்பு ஆரையம்பதிப் பக்கத்துக் கோயில்களுக்கு சவுண்ட் கட்டுவது என் தொழில். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு தொடங்கிவிட்டால் எனக்கு நித்திரை இல்லை. கூத்துக் களரிக்குப் பக்கத்தில் பெரிய பேஸ் பொக்ஸை இறக்கி வைத்த உடனே அக்காவின் மகள் வந்து அதில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பாள். பிறந்ததில் இருந்தே அவளுக்குக் காது கேளாது. கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியார் மத்தளத்தில் அடி எடுத்தால், ஆட்டக்காரர் கால் தூக்குவதைப் பார்க்க முன்னமே அவளுடைய மற்றக் கை தொடையில் தாளம் போடத் தொடங்கிவிடும்.

ஒருநாள் அதே கூத்தை வீட்டு டிவியில் யூடியூப்பில் போட்டுக் கொடுத்தேன். ஐந்து நிமிடம் பார்த்தாள். டிவியின் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தாள். எழும்பிப் போய்விட்டாள். மத்தளத்தின் கனத்த அடியைத் தருவதற்கு டிவியின் சின்ன ஸ்பீக்கருக்குத் தெம்பு இல்லை. அவளுக்கு அந்தக் கூத்து ஊமைப் படம்.

அன்றைக்குத் தொடங்கிய வேலை இது. இப்போது எங்கள் வீட்டில் அதிரும் கதிரை ஒன்று இருக்கிறது. காது நன்றாகக் கேட்கிற பெடியன்களும் அதில் இருந்து படம் பார்க்கச் சண்டை பிடிக்கிறார்கள். எப்படித் தொடங்குவது என்று கேட்டு வருகிறவர்களுக்கு வாயால் சொல்லிச் சொல்லிப் பழகியதை இங்கே எழுதுகிறேன்.

காசு கொடுக்க முன் தெரிந்திருக்க வேண்டியது

தொடுகை வழியாக, அதிர்வாக ஒன்றை உணர்த்தும் தொழில்நுட்பத்துக்கு ஹாப்டிக் என்று பெயர். போனில் எழுத்தைத் தட்டும்போது விரலில் வரும் சின்னத் துடிப்பும் அதுதான், தியேட்டரில் ஆடும் கதிரையும் அதுதான். 1959ல் அமெரிக்காவில் ஒரு பேய்ப் படத்துக்காக ஆசனங்களுக்கு அடியில் அதிரும் மோட்டர்களைப் பூட்டினார்கள். 1974ல் நிலநடுக்கப் படம் ஒன்றுக்கு சென்சரவுண்ட் என்ற பெயரில் பெரும் பேஸ் ஸ்பீக்கர்களை வைத்து மண்டபத்தையே உலுக்கினார்கள். கனடாவின் டீ-பொக்ஸ் ஆசனங்களும் தென்கொரியாவின் ஃபோர்டிஎக்ஸ் ஆசனங்களும் 2009ல் தியேட்டர்களுக்கு வந்தன.

நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் போன்றவை உங்கள் வீட்டுக்கு அனுப்புவது படமும் ஒலியும் மட்டுமே. அதிர்வுக்கென்று தனித் தடம் அதில் வருவதில்லை. டீ-பொக்ஸ் நிறுவனம் ஒவ்வொரு படத்துக்கும் ஆள் வைத்துக் காட்சி காட்சியாக அசைவை எழுதுகிறது, ஆனால் அதை உணர அவர்களுடைய கருவியே வேண்டும். 2025 ஜூனில் ஆப்பிள் ஒரு கார்ப் பந்தயப் படத்தின் முன்னோட்டத்தை ஐபோனில் அதிர்வோடு வெளியிட்டது. எஞ்சின் உறுமுவதும் கியர் மாறுவதும் கையில் தெரியும். அதிர்வையும் படம், ஒலி போல ஒரு தடமாக அனுப்ப படம், ஒலிக்கான தரநிலைகளை வகுக்கும் எம்பெக் குழு தரநிலை ஒன்றை எழுதியிருக்கிறது. இவை தொடக்கங்கள்தான். இன்றைக்கு வீட்டில் நீங்கள் உணரப் போகும் அதிர்வு ஏறக்குறைய முழுவதும், வரும் ஒலியின் அடிப்பகுதியைப் பிரித்தெடுத்து உடம்புக்குக் கொடுப்பதுதான்.

இது தெரியாமல் நான் இணையத்தில் ஒரு அதிரும் மேலங்கி வாங்கினேன். எந்தப் படத்தோடும் தானாக இணையும் என்று விற்றவர் எழுதியிருந்தார். பெட்டியைப் பிரித்தால் அது வெறும் புளூடூத் கருவி. ஒலியைக் கேட்டு அதிர்ந்தது, அதுவும் பிந்தி. கதவு அடைபட்டு முடிந்த பிறகு முதுகில் குத்து விழுந்தது. ஆகவே வாங்க முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இதற்கு ஒலி எந்த வயரால் போகிறது? அதற்குத் தெளிவான பதில் இல்லாவிட்டால் காசைக் கொடுக்காதீர்கள்.

1. பலூனில் தொடங்குங்கள்

ஒரு பலூனை நன்றாக ஊதி, இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே லேசாகப் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கருக்கு முன்னால் நில்லுங்கள். காது கேளாதவர்கள் இசை நிகழ்ச்சிகளில் செய்வது இது. பலூனின் தோல் காற்றின் அசைவை வாங்கிக் கைக்குத் தரும். பறைமேளம் உள்ள ஒரு பாட்டையும், வெறும் பேச்சு உள்ள ஒரு செய்தியையும், மழைச் சத்தத்தையும் மாறி மாறிப் போடுங்கள். எது கைக்கு வருகிறது, எது வரவில்லை என்று பத்து நிமிடத்தில் விளங்கும்.

காது கிட்டத்தட்ட 20,000 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 20,000 துடிப்பு, வரை கேட்கும். தோலுக்கு ஏறக்குறைய 1,000 ஹேர்ட்ஸோடு முடிந்துவிடும். அதற்குள்ளும் இரண்டு விதமான உணர்வு உண்டு. செக்கனுக்கு முப்பது நாற்பது தடவை துடித்தால் படபடப்பாகத் தெரியும். இருநூறு முந்நூறு தடவை துடித்தால் தோலுக்கு அடியில் ஆழத்தில் இருக்கும் நரம்பு முனைகள் அதைப் பிடிக்கும். மிக மெல்லிய அதிர்வையும் விடாது. போனின் சின்ன மோட்டர் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைக்குள்தான் வேலை செய்கிறது. மத்தளத்தின் கனத்த ஒலி தரும் தொப்பிப் பக்கத்து அடி, வெடி, இடி, யானை நடை எல்லாம் முதலாவது வகை. இதனால்தான் போன் எவ்வளவு அதிர்ந்தாலும் நெஞ்சில் இடிக்காது.

2. கையில் இருக்கும் போன்

உங்கள் போனை மரமேசையில் வைத்து அதிர்வு மட்டும் வரும்படி அழைப்புக் கொடுங்கள். "உர்ர்ர்" என்று மேசையில் ஊர்ந்து, நின்ற பிறகும் கொஞ்சம் இழுத்தால், உள்ளே இருப்பது ஒருபக்கம் பாரம் வைத்துச் சுழலும் பழைய வகை மோட்டர். "டக்" என்று வெட்டினாற்போல் தொடங்கி வெட்டினாற்போல் நின்றால், ஒரு பாரத்தை முன்னும் பின்னும் தள்ளும் நேர்கோட்டு வகை. படத்துக்குப் பொருந்துவது இரண்டாவதுதான். சுழலும் மோட்டர் வேகம் எடுப்பதற்குள் காட்சி போய்விடும்.

ஐபோன் 12 அல்லது அதற்குப் பிந்தியது வைத்திருப்பவர்கள், ஐஓஎஸ் 18 இருந்தால், செட்டிங்ஸில் அணுகல் வசதிப் பகுதிக்குள் மியூசிக் ஹாப்டிக்ஸ் என்று இருப்பதைத் திறந்து விடுங்கள். ஆப்பிள் மியூசிக்கில் பாட்டுப் போட்டால் போன் அந்தப் பாட்டோடு சேர்ந்து துடிக்கும். காது கேளாதவர்களை நினைத்து 2024ல் கொண்டுவந்த வசதி அது. என் மருமகள் அதை முதல் தடவை பிடித்தபோது போனைக் கன்னத்தில் வைத்தாள், மறுகா தாடை எலும்பில் வைத்தாள், கடைசியில் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தாள். கைதான் நல்லதாம். சோனி 2018ல் எக்ஸ்பீரியா போன் ஒன்றில், ஓடும் வீடியோவின் ஒலியைப் பார்த்து அதிரும் வசதியை வைத்தது. உங்கள் போனிலும் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று ஒலி, அதிர்வு அமைப்புகளுக்குள் ஒருதடவை தேடிப் பாருங்கள்.

விளையாடுகிறவர்கள் அதிரும் கொன்ட்ரோலரை 1997ல் இருந்தே அறிவார்கள். பிளேஸ்டேஷன் 5ன் கொன்ட்ரோலர் மணலில் நடப்பதற்கும் கல்லில் நடப்பதற்கும் வேறு வேறு உணர்வு தரும், ஏனென்றால் விளையாட்டை எழுதியவரே அதிர்வையும் எழுதியிருக்கிறார். படம் பார்க்கும்போது அந்த வித்தையை எதிர்பார்க்க வேண்டாம்.

3. கதிரை

இதில்தான் உண்மையான சுகம் இருக்கிறது, எங்கள் கைவேலைக்கும் இடம் இருக்கிறது.

வேண்டிய சாமான்கள்: பேஸ் ஷேக்கர் ஒன்று, ஒலியைப் பெருக்கும் அம்ப் ஒன்று, அதற்குப் பவர் சப்ளை, அம்ப்புக்கு ஒலியைக் கொண்டுபோகும் ஆர்சிஏ வயர். ஷேக்கர் என்பது கடதாசிக் கூம்பு இல்லாத ஸ்பீக்கர் மாதிரி. காந்தமும் சுருளும் இருக்கும். ஆனால் காற்றைத் தள்ளாமல் ஒரு பாரத்தை ஆட்டும், அது பூட்டியிருக்கும் பலகையை உலுக்கும். வட்டமாக, இடியப்பத் தட்டு அளவில் இருக்கும். ஒரு கதிரைக்கு 4 ஓம், 50 வாட் போதும். அம்ப்புக்கு டிபிஏ3116 சிப் போட்ட, சப் வூஃபருக்கென்று செய்த மோனோ போர்ட் ஒன்றை எடுங்கள். எந்த அளவுக்கு மேல் உள்ள ஒலியை வெட்டுவது என்று திருகும் குமிழ் அதில் இருக்க வேண்டும். அது இல்லாததை மலிவு என்று வாங்காதீர்கள். வேலையின் பாதி அந்தக் குமிழில்தான் இருக்கிறது. 24 வோல்ட், 5 அம்பியர் அடைப்டர் தாராளம். வீட்டில் ஏற்கெனவே ஹோம் தியேட்டர் ரிசீவர் இருந்தால், அதன் சப் வூஃபர் துளையில் இருந்து வயரை இரண்டாகப் பிரித்து ஒன்றை இந்த அம்ப்புக்குக் கொடுங்கள். 5.1 என்ற ஹோம் தியேட்டர் ஒலி முறையில் அந்தப் புள்ளி ஒன்று இதுதான்: 120 ஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள கனத்த ஒலிக்கென்றே ஒதுக்கிய தடம்.

இரண்டு ஷேக்கர் பூட்ட விரும்பினால் ஓம் (மின்தடை) கணக்கைப் பாருங்கள். இரண்டு 4 ஓமைப் பக்கத்துக்குப் பக்கம் கட்டினால் 2 ஓம் ஆகிவிடும், சின்ன அம்ப் சூடேறிச் செத்துப் போகும். ஒன்றன் பின் ஒன்றாகக் கட்டினால் 8 ஓம். அம்ப்புக்கு ஆபத்து இல்லை. பிளஸ், மைனஸ் இரண்டிலும் ஒரே பக்கமாக இருக்கட்டும். மாறினால் ஒன்று மேலே தள்ளும்போது மற்றது கீழே இழுத்து, இரண்டும் ஒன்றை ஒன்று அழித்துவிடும்.

எங்கே பூட்டுவது? நான் முதலில் சோபாவின் பஞ்சுக்கு அடியில் செருகினேன். ஒன்றும் வரவில்லை, பஞ்சு எல்லாவற்றையும் விழுங்கியது. அப்போதுதான் மட்டக்களப்பு வாவியில் அப்பா செய்து காட்டியது ஞாபகம் வந்தது. நிலவு நாளில் தோணியைக் கல்லடிப் பாலத்துக்குக் கிட்டக் கொண்டுபோய் நிறுத்துவார். துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு, மற்ற முனையில் என் காதை வைக்கச் சொல்வார். வாவிக்குள் மீன்கள் பாடுவதாகச் சொல்லும் மீன்பாட்டு, காற்றில் கேட்காதது, மரத்துக்குள்ளால் ஏறி வரும். இடையில் ஒரு சீலையை மடித்து வைத்தால் பாட்டு நின்றுவிடும். தண்ணீர், மரம், எலும்பு என்று இறுக்கமானது இறுக்கமானதோடு தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதிர்வு நடந்து வரும்.

ஆகவே ஷேக்கரைக் கதிரையின் மரச்சட்டத்தில், இருக்கைப் பலகைக்கு நேர் கீழே, நான்கு திருகாணி அல்லது போல்ட் போட்டு வொஷரோடு இறுக்குங்கள். பசை வேண்டாம். தேக்கு, பலா, முதிரை, எந்த மரமானாலும் நல்லது. பிளாஸ்டிக் கதிரையும் அதிரும், ஆனால் கடகடக்கும். பிரம்புக் கதிரை பின்னல் பின்னலாக அதிர்வைச் சிதறடித்துவிடும். வாங்கில் பூட்டினால் மூன்று பேர் சேர்ந்து இருக்கலாம்.

பிறகு கதிரைக் கால்கள். சீமெந்துத் தரையிலோ தரைஓட்டிலோ கால் நேராக நின்றால், அதிர்வு உங்கள் உடம்புக்கு வராமல் தரைக்குள் இறங்கிவிடும்; பக்கத்து அறையில் படுத்திருப்பவருக்கும் போகும். சைக்கிள் டயரை வெட்டி இரண்டு மடிப்பாக ஒவ்வொரு காலுக்கும் கீழே வையுங்கள். இந்த ஒரு வேலையால் அதே குமிழ் அளவில் அதிர்வு கூடியதை நானே உணர்ந்தேன்.

கல்லடி, காத்தான்குடி, கல்முனை, காரைதீவு என்று கடலுக்குக் கிட்ட இருப்பவர்கள் வயர் முனைகளை முறுக்கி டேப் ஒட்டி விடாதீர்கள். உப்புக் காற்றில் ஒரு மாரிக்குள் செம்பு பச்சை பிடித்துவிடும். சொல்டர் பண்ணி மேலே சுருங்கும் குழாய் போடுங்கள்.

4. நேரம்

இதில் பிழை விட்டால் மற்றதெல்லாம் வீண். அதிர்வு காட்சியோடு சேர்ந்து வர வேண்டும். புளூடூத் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, விரிக்கிற வேலையில் சாதாரணமாக ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்குக்கு மேல், சில கருவிகளில் அதைவிட இரட்டிப்பாகவும் பிந்தும். என் மேலங்கி தோற்றது அங்கேதான். டிவியில் இருந்து அம்ப்புக்கு வயரால் போங்கள். ஹெட்போன் துளை இருந்தால் அது போதும். ஒளிவயர் (ஒப்டிகல்) துளை மட்டும் இருந்தால், அதைச் சாதாரண ஒலியாக மாற்றும் சின்னப் பெட்டி ஒன்று தேவை. அப்போது டிவியின் ஒலி அமைப்பில் பிசிஎம் என்பதைத் தெரிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பெட்டி ஊமையாக இருக்கும்.

சோதிக்க: ஒருவர் முற்றத்தில் விறகு வெட்டுவதைப் போனில் வீடியோ எடுத்து டிவியில் போட்டுப் பாருங்கள். கோடாலி மரத்தில் விழும் கணமும் கதிரையில் வரும் அடியும் ஒன்றாக இருக்க வேண்டும். ஸ்பீக்கர் பத்து அடி தூரத்தில் இருந்தால் ஒலி வந்து சேர ஒன்பது மில்லிசெக்கன் போகும். அதைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் ஸ்பீக்கரைப் புளூடூத்திலும் கதிரையை வயரிலும் கொடுத்தால் அடி முந்தி, சத்தம் பிந்தி வரும். இரண்டையும் ஒரே வழியில் கொடுங்கள்.

5. குமிழைத் திருகுவது

ஒலி அளவுக் குமிழைப் பூச்சியத்தில் வைத்துக் கரண்ட் கொடுங்கள். ஆள் கதிரையில் இருக்கும்போதுதான் அளவு வைக்க வேண்டும். வெறும் கதிரைக்கு வைத்த அளவு உடம்பின் பாரம் ஏறியதும் மாறிவிடும்.

முதலில் இரண்டு பேர் பேசும் காட்சியைப் போடுங்கள், சண்டைக் காட்சியை அல்ல. என் மருமகன் ஒருவன் தன் வீட்டில் பூட்டிவிட்டுப் போனில் கூப்பிட்டான்.

"மாமா, வெடிக்கக்குள்ள நல்லா இருக்கு. ஆனா கதைக்கக்குள்ளயும் குண்டிக்குக் கீழ உறுமுது."

"ஆம்பிளக் குரல்ட அடி அதுக்குள்ள விழுகுது மனே. வெட்டுற குமிழைத் திருகிக் கீழ இறக்கு."

ஆண்குரலின் அடிச்சுருதி ஏறக்குறைய 85 முதல் 180 ஹேர்ட்ஸ் வரை இருக்கும். குமிழ் 120ல் இருந்தால் பேச்சும் கதிரைக்குள் வந்துவிடும். 80க்குக் கொண்டு வந்தால் பேச்சு வெளியே போகும், மத்தளமும் இடியும் உள்ளே நிற்கும். பேச்சுக் காட்சியில் கதிரை அமைதியாக இருக்கும் வரை திருகிவிட்டு, பிறகு இடி அல்லது மேளக் காட்சிக்குப் போய் ஒலி அளவை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். "ஓ, அதிருது" என்று தெரிந்த இடத்தில் இருந்து கொஞ்சம் கீழே இறக்குங்கள். அமைதிக்குப் பிறகு வரும் ஒரு அடிதான் உடம்பைத் திடுக்கிட வைக்கும். விடாமல் ஆடும் கதிரையை உடம்பு அரை மணித்தியாலத்தில் மறந்துவிடும், பஸ்ஸில் போகிற மாதிரி.

நான் என் மருமகளுக்குக் கூட்டி வைத்திருந்தேன். கேளாதவளுக்குக் கூடுதலாகத் தேவை என்பது என் நினைப்பு. இருந்து பார்த்துவிட்டு, விரலால் கீழே கீழே என்று காட்டினாள். குறைத்தேன். இன்னும் கீழே என்றாள். நான் நினைத்ததில் பாதிக்கும் குறைவான இடத்தில்தான் கையை விரித்து நிறுத்தச் சொன்னாள். தொடுகையால் உலகத்தைப் படிக்கிறவளின் கை என்னுடையதைவிடக் கூர்மை. உங்கள் வீட்டிலும் யாருக்காகப் பூட்டுகிறீர்களோ, குமிழை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

படம் ஓடாதபோதும் கதிரை நடுங்கினால்

எங்கள் கரண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அந்த 50 ஷேக்கருக்கு மிகப் பிடித்த எல்லைக்குள் வருகிறது. பல ஷேக்கர்கள் 40 ஹேர்ட்ஸ் அண்டையில்தான் மிகக் கூடுதலாக உலுக்கும். ஆகவே ஸ்பீக்கரில் லேசான "ம்ம்ம்" ஆகக் கேட்பது கதிரையில் ஓயாத நடுக்கமாகத் தெரியும். முதலில் டிவியையும் அம்ப்பையும் ஒரே மல்டி பிளக்கில் செருகிப் பாருங்கள். போகவில்லையென்றால் டிவியின் பின்னால் வரும் டிஷ் வயரைக் கழற்றிப் பாருங்கள். நடுக்கம் நின்றால் அந்த வயர் வழியாக நிலத்தொடுப்பு ஒரு சுற்றாகிவிட்டது என்று அர்த்தம். ஆர்சிஏ வயருக்கு நடுவில் போடும் தனிமைப்படுத்தி (கிரவுண்ட் லூப் ஐசோலேட்டர்) ஒன்று வாங்கிப் போட்டால் தீரும். மூன்று முனைப் பிளக்கின் நிலக்கம்பியை வெட்டி விடுகிற வேலையைச் சிலர் சொல்லித் தருவார்கள். உயிர் போகிற வேலை அது. செய்யவே வேண்டாம்.

இடி மின்னல் காலத்தில் பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது, டிஷ் வயரையும் கழற்றுங்கள்.

யார் கவனமாக இருக்க வேண்டும்

இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், முள்ளந்தண்டு வருத்தம் உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் இந்தக் கதிரையில் இருக்க வேண்டாம். ஷேக்கருக்குள் பலமான காந்தம் இருக்கிறது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அளவைக் குறைத்து, கொஞ்ச நேரம் மட்டும். எங்கள் பகுதியில் வெடிச் சத்தத்தோடு வாழ்ந்தவர்கள் பலர். போர்ப் படத்தை இந்தக் கதிரையில் போட்டு அவர்களைத் திடீரென்று இருத்தாதீர்கள். முன்னமே சொல்லுங்கள், வேண்டாம் என்றால் விடுங்கள். என் பெரியம்மா ஒருதடவை இருந்துவிட்டு எழும்பிப் போய் வாசல் கதவைப் பூட்டினார். அதற்குப் பிறகு அவருக்குப் பாட்டு மட்டும்தான்.

டேட்டாவும், எதைப் பார்ப்பது என்பதும்

அதிர்வுக்கென்று டேட்டா ஒரு துளியும் கூடப் போகாது, அது உங்கள் வீட்டில்தான் உண்டாகிறது. நெட்ஃபிளிக்ஸ் நடுத்தரத்தில் மணிக்கு 0.7 ஜிபி அளவும், எச்டியில் 3 ஜிபி வரையும் எடுக்கும். பக்கேஜ் முடிகிற நேரத்தில் படத்தின் தரத்தைக் குறைத்தாலும் கதிரையின் அடி பெரிதாகக் குறைந்து தெரியாது.

ஆனால் ஒலியில் இல்லாததைக் கதிரை தராது. எங்கள் கூத்துகள் யூடியூப்பில் நிறையக் கிடக்கின்றன, பெரும்பாலானவை கூட்டத்துக்குள் நின்று போனில் எடுத்தவை. போனின் சின்ன மைக் குரலைப் பிடிக்கச் செய்தது, மத்தளத்தின் அடியை ஏறக்குறைய விட்டுவிடும். என் மருமகள் முதல்நாள் எழும்பிப் போன வீடியோவைக் கதிரையில் போட்டேன். சல்லரியும் சதங்கையும் காதுக்கு வந்தன, கதிரை சும்மா கிடந்தது.

கூத்து, பறைமேளம், உடுக்கு எதுவாக இருந்தாலும், பதிவு செய்யப் போகிறவர்கள் சவுண்ட்காரரிடம் போய் மிக்ஸரின் ரெக்கோர்ட் துளையில் இருந்து ஒரு வயர் கேளுங்கள். மத்தளத்தின் தொப்பிப் பக்கத்துக்குத் தனி மைக் ஒன்று, ஒரு சாண் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். அந்தச் சனலில், கனத்த ஒலியை வெட்டும் லோ கட் பட்டன் அமுங்கியிருந்தால் விடுவிக்கச் சொல்லுங்கள், காற்றுச் சத்தத்துக்குப் பயந்து நாங்கள் பலபேர் அதை அமுக்கி வைத்திருப்போம். மிக்ஸர் ஒலியைப் போன் வீடியோவோடு பொருத்த, தொடக்கத்தில் கமராவுக்கு முன்னால் ஒருதடவை கை தட்டினால் போதும்.

போன வைகாசியில் ஒரு இரவு முழுக்க அப்படி எடுத்து வைத்தேன். வரவுப் பாட்டு தொடங்க முன் அண்ணாவியார் மத்தளத்தை இரண்டு தட்டுத் தட்டிச் சுருதி பார்ப்பார். அந்த இரண்டு தட்டுக்கே அவள் கதிரையில் நிமிர்ந்து இருந்தாள்.